காஞ்சியில் ஒரு தூண், வாதாபியில் ஒரு பாறை

முதல் நாள்: காஞ்சிபுரம், கூரம், புள்ளலூர்

எங்கள் வீட்டிலிருந்து கைலாசநாதர் கோயிலுக்கு நடந்தால் பத்து நிமிஷம். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அங்கே போய்ப் புல்தரையில் தூங்கியிருக்கிறேன். பிரகாரச் சுவரை ஒட்டிய 58 குட்டிச் சந்நிதிகளையும் கண்ணாமூச்சி ஆடியே எண்ணி முடித்தோம். ஆனால் மண்டபத்துத் தூண் ஒன்றின் முதுகில் பழங்கன்னடத்தில் எழுதியிருக்கிறது என்பது போன வருஷம் கல்வெட்டு வகுப்பில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

இன்று காலை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தத் தூண் சட்டென்று கண்ணில் படாது. பின்னால் எழுப்பிய சுவரை ஒட்டி நிற்கிறது. பக்கவாட்டில் தலையை நுழைத்து, கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்துகள் மெல்ல எழுந்து வருகின்றன. அப்பா 45 வருஷம் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தவர். இப்போது முழங்கால் மடங்காது. நின்றபடியே எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா எழுதியிருக்கான்?"

எழுதியவன் வாதாபியை, அதாவது இன்றைய கர்நாடகத்துப் பாதாமியை, ஆண்ட சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன். 740-ஐ ஒட்டி, நந்திவர்ம பல்லவமல்லனை விரட்டிவிட்டுக் காஞ்சிக்குள் நுழைந்தவன். இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்தான், எடுத்துக்கொள்ளாமல் சாமிக்கே திருப்பிக் கொடுத்தான். இதுதான் செய்தி. கடைசியில் ஒரு சாபம்: இந்த எழுத்துகளை அழிக்கிறவர்கள், இவ்வூர்க் கடிகையாரைக் கொன்றவர்கள் போகும் உலகத்துக்குப் போவார்கள். கடிகை என்றால் காஞ்சியில் பேர்போன கல்விச்சபை. பகை ஊரில் வந்து சாபம் வைக்கும்போதும், அந்த ஊரார் எதை மதிப்பார்கள் என்று விசாரித்துத்தான் வைத்திருக்கிறான்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தொரத்தினவன் எழுதினதை நம்மாளுங்க ஏன் உடைக்காம உட்டாங்க?" என்றார். சாபத்துக்குப் பயந்தா, தூணை உடைத்தால் மண்டபம் இறங்கிவிடும் என்றா, சொல்லத் தெரியவில்லை. உடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு ஜோடி ஒன்று இருக்கிறது. இவன் வருவதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முன்னால், 642-இல், நரசிம்மவர்ம பல்லவன் வாதாபியைப் பிடித்து அங்கே ஒரு பாறையில் எழுதிவைத்தான். அதுவும் இன்னும் இருக்கிறது. அவரவர் ஊரில் எதிராளியின் எழுத்து. அந்தப் பாறையையும் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பயணம்.

மதியம் பக்கத்து வீட்டுத் தம்பியின் காரில் வடக்கே கூரம். ஊர்ப்பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் கூரத்தாழ்வார்தான் நினைவுக்கு வருவார். எனக்குக் கூரம் செப்பேடு. நரசிம்மவர்மனின் பேரன் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்தது. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்று மூன்று களங்களில் தன் தாத்தா, வாதாபிச் சாளுக்கிய அரசன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்ததாக அதில் எழுதுகிறான். தோற்று ஓடியவனின் முதுகையே ஏடாக்கி 'விஜயம்' என்ற எழுத்துகளைத் தாத்தா எழுதினாராம். அங்கே அரசன் முதுகு, இங்கே தூணின் முதுகு. இந்த ஜன்மத்தில் மறக்காது.

கூரத்தில் இடிந்து கிடக்கும் பல்லவர் சிவன் கோயிலைச் சுற்றிவிட்டு, இன்னும் வடக்கே புள்ளலூர். வெறும் வயல்வெளி. நரசிம்மவர்மனின் அப்பா மகேந்திரவர்மன் இங்கே பகைவர்களை அழித்தான் என்று காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. எந்தப் பகைவர் என்று பெயர் சொல்லவில்லை. புலிகேசிதான் என்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். இதே புள்ளலூரில்தான் 1780 செப்டம்பரில் திப்புவும் ஐதர் அலியும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையைச் சுருட்டினார்கள். காஞ்சிக்கு வடக்கிலிருந்து யார் படையெடுத்தாலும் இந்த வயலில்தான் வந்து முட்டியிருக்கிறார்கள் போல. வரப்பில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டியிடம் சண்டை நடந்த இடம் எது என்று கேட்டேன். "எந்தச் சண்டை? ஏரித் தண்ணிச் சண்டையா?" என்றார்.

இரண்டாம் நாள்: பஸ், ரயில், ஆர்.ஏ.சி.

காஞ்சியிலிருந்து தாம்பரம் பஸ். வாலாஜாபாத் தாண்டி, படப்பையில் இடது பக்கம் மணிமங்கலத்துக்குச் சாலை பிரிகிறது. ஜன்னல் வழியே அந்தப் பலகையைப் பார்த்ததும் ஒரு சந்தேகம். மணிமங்கலம் காஞ்சிக்குக் கிழக்கே இருக்கிறது. புலிகேசி வருவது வடமேற்கிலிருந்து. மணிமங்கலத்தில் சண்டை என்றால், எதிரி தலைநகரைத் தாண்டி அந்தப் பக்கம் வரைக்கும் வந்துவிட்டான் என்றுதானே அர்த்தம்? பல்லவர் வெற்றிப் பட்டியலில் அடையாளம் தெரிந்த ஊர்களைப் படத்தில் குறித்துப் பார்த்தேன். புள்ளலூர், மணிமங்கலம், பிற்பாடு லால்குடிப் பக்கத்துப் பெருவளநல்லூர். எல்லாமே வீட்டு வாசலில் கிடைத்த வெற்றி. 'இங்கே ஜெயித்தேன்' என்று எழுதுகிறவன், 'எதிரி இதுவரை வந்தான்' என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறான். வகுப்பில் இதை யாரும் சொல்லவில்லை, படப்பைப் பலகை சொன்னது.

சென்னையிலிருந்து ஹூப்ளி வண்டி. டிக்கெட் ஆர்.ஏ.சி.யிலேயே நின்றுவிட்டது. சைடு லோயரில் அப்பாவும் நானும் எதிரும் புதிருமாக. "உனக்குப் படுக்க எடம் வேணும்னா நான் எழுந்து நிக்கறேன்மா" என்று ராத்திரி முழுக்க மூன்று தடவை சொன்னார்.

தூக்கம் வராததால் கணக்குப் போட்டேன். காஞ்சிக்கும் வாதாபிக்கும் நேர்க்கோட்டிலேயே 550 கிலோமீட்டர் வரும். வழி வளைந்து போனால் இன்னும் அதிகம். யானை, குதிரை, தானிய மூட்டை, சமையல்காரர், கொல்லர் எல்லாரையும் இழுத்துக்கொண்டு ஒரு படை நாளுக்கு 15 கிலோமீட்டர் நகர்ந்தால்கூட ஒன்றரை மாசம். வழியெல்லாம் அத்தனை வாய்க்கும் சோறு எங்கிருந்து வந்திருக்கும்? வழியில் இருந்த ஊர்களின் களத்து மேட்டிலிருந்துதான். அதைப் பற்றி எந்தச் செப்பேட்டிலும் ஒரு வரி கிடையாது.

எதற்காக இத்தனை தூரம்? இரண்டு பேருக்கும் கண் ஒரே இடத்தில். கிருஷ்ணைக்கும் துங்கபத்திரைக்கும் நடுவிலுள்ள நிலம் ஒன்று, கிருஷ்ணை கோதாவரி கடலில் கலக்கும் வேங்கிச் சமவெளி இன்னொன்று. வேங்கி என்றால் நெல். புலிகேசி பிட்டபுரத்தையும் வேங்கியையும் பிடித்துத் தம்பி குப்ஜ விஷ்ணுவர்த்தனனை அங்கே உட்கார வைத்தான். அந்தத் தம்பியின் வம்சம்தான் கீழைச் சாளுக்கியர். ஆந்திரக் கடற்கரை பல்லவர் கையை விட்டுப் போன பிறகு, காஞ்சிக்கு வடக்கே எப்போதும் கலவரம்தான்.

இந்த இரண்டு ஊரையும் அடுத்தடுத்துப் பார்த்த ஆள் ஒருவர் உண்டு, சீனப் பயணி யுவான் சுவாங். 640 வாக்கில் காஞ்சியில் இருந்தார். பிறகு புலிகேசியின் நாட்டுக்குப் போனார். அங்கே தோற்று வந்த தளபதிக்குத் தண்டனை கிடையாதாம், பெண்கள் உடுத்தும் துணியைக் கொடுத்துவிடுவார்களாம். மானம் தாங்காமல் அவனே உயிரை விட்டுவிடுவானாம். சண்டைக்கு முன்னால் வீரர்களுக்கும் கள், யானைகளுக்கும் கள். அவர் இதை எழுதிக்கொண்டு நகர்ந்த ஓரிரு வருஷத்தில் வாதாபி விழுந்தது.

ஹொசப்பேட்டை தாண்டியதும் வண்டி துங்கபத்திரை மேல் ஏறியது. அப்பாவை எழுப்பினேன். "இதுக்கு இந்தப் பக்கம் யார்து, அந்தப் பக்கம் யார்து?" என்றார். வருஷத்துக்கு ஒரு தடவை மாறும்பா என்றேன்.

மூன்றாம் நாள்: பாதாமி

கதக்கில் இறங்கி வேறு வண்டி பிடித்துப் பாதாமி. ஸ்டேஷனிலிருந்து ஊர் ஐந்து கிலோமீட்டர். முன்பே பேசி வைத்திருந்த விடுதியில் எங்கள் அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். பனசங்கரி கோயில் ஜாத்ரெ, கூட்டம் நெரிகிறது. கடைசியில் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் அறை, பேசியதைப்போல ஒன்றரை மடங்கு வாடகைக்கு. பொருமியபடியே மூட்டையை இறக்கினேன். ஆனால் ஜன்னலைத் திறந்ததும் கோபம் போய்விட்டது. எதிரே ரத்தச் சிவப்பில் செங்குத்தான மணற்கல் மலை. அதற்கு நேரெதிரே இன்னொன்று. நடுவில் பச்சைத் தண்ணீர் ஏரி.

அகஸ்திய தீர்த்தம். இல்வலனும் வாதாபியும் அகத்தியருக்கு விருந்து வைத்த கதை இந்த ஊர்மேல் ஏறிக்கிடக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பாட்டி, குழந்தைக்குப் பால் புகட்டியதும் வயிற்றைத் தடவி "வாதாபி ஜீர்ணோ பவ" என்பார், வாதாபியே செரித்துப் போ என்று. பாட்டிக்கு வாதாபி என்பது வயிற்றுவலி. எனக்கு இன்றைக்குத்தான் அது ஓர் ஊர் ஆயிற்று.

ஆட்டோக்காரர் பேச்சுக்கொடுத்தார். எந்த ஊர் என்றார். காஞ்சிபுரம் என்றதும் முகம் மலர்ந்தது. "காஞ்சி ஸீரெ!" அதன் பிறகு ஊர்ப்பெருமை. "நம்ம இம்மடி (இரண்டாம்) புலிகேசி" என்று சொல்லும்போது குரல் தாழ்ந்து மரியாதை வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் புலிகேசி என்றால் முதலில் சிரிப்பு வரும், மீசையும் தொப்பையும் கண்முன் வரும். இங்கே நர்மதைக் கரையில் ஹர்ஷனைத் தடுத்து நிறுத்தியவன். ஹர்ஷன் யார்? வடநாட்டின் பெரும்பகுதியைக் கட்டி ஆண்டவன். அவனையே திருப்பி அனுப்பிய ஆளைத்தான் நாங்கள் முதுகில் எழுதி அனுப்பியதாகச் சொல்லிக்கொள்கிறோம். அதை ஆட்டோக்காரரிடம் சொல்லவில்லை. வண்டி இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தது.

குகைகள் நான்கு. அப்பா முதல் குகையோடு நின்று, 18 கை நடராசரைப் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். வாழைப்பழத்தைக் குரங்கு பறித்துக்கொண்டதையும் அங்கிருந்தே அறிவித்தார். நான் மேலே ஏறி மூன்றாவது குகைக்குப் போனேன். புலிகேசியின் சித்தப்பன் மங்களேசன் குடைவித்தது. சகம் 500, அதாவது 578 என்று கல்வெட்டே இருக்கிறது. அனந்தன் மேல் அமர்ந்த விஷ்ணு, தூணுக்குத் தூண் கொடுங்கையில் கொஞ்சும் ஜோடிகள். எல்லாம் முழுசாக இருக்கின்றன.

இங்கேதான் எனக்கு ஒரு தகராறு. நரசிம்மவர்மனின் படைத்தலைவர் பரஞ்சோதி, பிற்காலத்தில் சிறுத்தொண்ட நாயனார். அவர் வாதாபித் தொன்னகரைத் துகளாக்கி மணியும் நிதியும் யானையும் குதிரையும் வாரிவந்தார் என்று சேக்கிழார் பாடுகிறார். பாடியது 12-ஆம் நூற்றாண்டில், சம்பவம் நடந்து 500 வருஷம் கழித்து. துகளான ஊரில் 578-இன் சிற்பம் மூக்கு உடையாமல் நிற்கிறதே? ஒருவேளை வீடும் கடையும் அரண்மனையும் மரம், மண், ஓலையாக இருந்து எரிந்திருக்கலாம். குகை எரியாது. அல்லது சாமி இருக்கும் இடத்தில் பல்லவப் படையும் கை வைக்காமல் விட்டிருக்கலாம், விக்கிரமாதித்தன் நம்மூரில் விட்ட மாதிரி. வாதாபி கணபதியைப் பரஞ்சோதி இங்கிருந்து தூக்கி வந்தார் என்ற கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஏழாம் நூற்றாண்டுக் கல்வெட்டு எதிலும் அது இல்லை. கேட்க நன்றாயிருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

சாயங்காலம் பாறை. விசாரித்து விசாரித்து, வீடுகளுக்கு இடையே, எருமை கட்டியிருந்த ஒரு சந்து வழியாகப் போனோம். பள்ளிக்கூடப் பை மாட்டிய ஒரு சின்னப் பெண்தான் கடைசியில் கூட்டிப்போய் விரலை நீட்டினாள். வெயிலும் மழையும் தின்ற சிவப்புப் பாறை. பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது. மகாமல்லன் (நரசிம்மவர்மனின் பட்டம்), பல்லவன், வாதாபி, 13-ஆம் ஆட்சியாண்டு என்று அறிஞர்கள் படித்திருக்கிறார்கள். நான் ஒரு வருஷம் கிரந்தம் படித்தவள் என்ற தைரியத்தில் கிட்டே போனேன். 'ம' என்று நினைத்தது பாறையின் வெடிப்பாகவும் இருக்கலாம். சத்தியமாகத் தெரியவில்லை.

"இதுக்கா இம்புட்டு தூரம்?" அப்பா.

"இதுக்குத்தான்."

அவர் பாறையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பகல் வெயில் இன்னும் அதில் இருந்தது. "கைலாசநாதர் கோயில்ல அந்தத் தூணு ஜில்லுனு இருந்துச்சி" என்றார்.

வாதாபி விழுந்த பிறகு புலிகேசி என்ன ஆனான்? களத்தில் செத்தான் என்று புத்தகங்கள் எழுதும். நேராக அப்படிச் சொல்லும் கல்வெட்டு கிடையாது. அவன் பெயர் அதோடு நின்றுபோகிறது, அவ்வளவே. ஏறக்குறைய 13 வருஷம் சாளுக்கியர் அரியணை காலி. 655 வாக்கில் அவன் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் ஊரை மீட்டான். பிறகு தெற்கே பாய்ந்து, 674-இல் காவிரித் தென்கரையில் உறையூரில் பாடி போட்டிருந்தான். உரகபுரம் என்று அவனுடைய செப்பேடே சொல்கிறது. அங்கிருந்து அவனைக் கிளப்பியது பெருவளநல்லூர். கூரம் செப்பேடு அந்தச் சண்டைக்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்குகிறது. பரமேசுவரனின் யானைக்கு அரிவாரணம் என்று பெயர், குதிரைக்கு அதிசயம். லட்சக்கணக்கான படையோடு வந்த விக்கிரமாதித்தன் கந்தலைச் சுற்றிக்கொண்டு ஓடினானாம். அதே விக்கிரமாதித்தன் தன் செப்பேட்டில் தான் காஞ்சியைப் பிடித்ததாகவும், பல்லவ வம்சத்தையே கலக்கியதாகவும் எழுதிக்கொள்கிறான். இரண்டும் ஓரளவு உண்மையாகவே இருக்கும். முதலில் இவன் அடித்திருப்பான், பிறகு அவன். தோற்ற பகுதியை அவரவர் எழுத்தர் விட்டுவிட்டார்.

ராத்திரி பனசங்கரி கோயில் வாசல். கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்கள் ஜோளத ரொட்டி, எண்ணெகாயி, சேங்கா சட்னிப்பொடி, தயிர் என்று இலையில் அடுக்கினார்கள். அப்பா மூன்று ரொட்டி. இங்கே வந்த பிறகு அவர் முழங்காலைப் பற்றிப் பேசாத நேரம் இது ஒன்றுதான்.

நான்காம் நாள்: ஐஹொளெ, பட்டதகல்லு

ஐஹொளெயில் நூற்றுக்கும் மேல் கோயில்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேகுடி குன்றுக்கு ஏறினேன். மேல் குடி, மேலே உள்ள கோயில். கன்னடம் பேசாமலே புரிகிறது. முடிக்காமல் விட்ட சமணக் கோயில். வெளிச்சுவரில் 19 வரி, சமஸ்கிருதம், 37 பாட்டு. புலிகேசி உயிரோடு இருந்தபோதே, சகம் 556, அதாவது 634-இல் ரவிகீர்த்தி எழுதியது. பாரதப் போர் முடிந்து 3735 ஆண்டு என்றும் ஒரு கணக்கு. கவிதையில் காளிதாசனும் பாரவியும் அடைந்த புகழைத் தான் அடைந்துவிட்டதாக ரவிகீர்த்தி சொல்லிக்கொள்கிறார். கூச்சம் என்பது அந்தக் காலத்தில் இல்லை போலும். ஆனால் அந்த ஒரு வரியால் காளிதாசனுக்கு ஒரு காலக்கணக்குக் கிடைத்தது. 634-க்கு முன்னால் வாழ்ந்தவர் என்பதற்குக் கல்லிலேயே சாட்சி. அரசனைப் புகழ எழுதியது, கவிஞருக்கு உதவியது.

நான் தேடி வந்த பாட்டு பல்லவனைப் பற்றியது. தன் படை கிளப்பிய தூசியால் பல்லவனின் ஒளியை மங்கவைத்து, அவனைக் காஞ்சியின் மதிலுக்குப் பின்னால் ஒளியச் செய்தானாம் புலிகேசி. அடுத்து காவிரி வருகிறது. மதயானைகளே பாலமாகி நதியின் ஓட்டத்தை அடைத்து நின்றனவாம். சோழனுக்கும் சேரனுக்கும் பாண்டியனுக்கும் அதனால் செழிப்பு வந்ததாம். அதாவது பல்லவனை அடித்தால் தெற்கே மூன்று பேருக்குச் சந்தோஷம் என்று புலிகேசிக்குத் தெரியும். எதிரிக்கு எதிரி நண்பன்.

குன்றின் கீழே மரத்தடியில் காத்திருந்த அப்பாவிடம் வந்து சொன்னேன்.

"ஒளிஞ்சிக்கிட்டாரா? நம்மூரு மதிலுக்குப் பின்னாலயா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"மதிலு கட்டறதே அதுக்குத்தானே."

இதைவிட நல்ல பதிலைக் காஞ்சி எந்தச் செப்பேட்டிலும் கொடுக்கவில்லை. கேட்டால் இன்னொன்றும் சொல்லலாம்: இந்த 37 பாட்டுக்கும் எட்டே வருஷத்தில் வாதாபி போயிற்று.

பட்டதகல்லில் இறங்கியதும் எனக்கு ஊருக்குத் திரும்பிவிட்ட மாதிரி இருந்தது. விரூபாட்சர் கோயில் வாசலில் நின்றபோது கால் தானாகவே கைலாசநாதர் கோயிலுக்குள் போவது போல நடந்தது. அடுக்கடுக்காக ஏறும் விமானம், சுற்றுமதில், மதிலை ஒட்டிக் குட்டிக் குட்டிச் சந்நிதிகள். கல் மட்டும் சிவப்பு. கருங்கல் நந்திக்குச் சிவப்புத் துணி போர்த்தி, இன்றும் பூசை நடக்கிறது. தூணில் ராவணனோடு மல்லுக்கு நிற்கும் ஜடாயுவைக் காட்டி, ஒரு தாத்தா பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

காஞ்சித் தூணில் எழுதிய அதே இரண்டாம் விக்கிரமாதித்தனின் அரசி லோகமாதேவி எடுப்பித்த கோயில் இது. புருஷன் காஞ்சியை மூன்று தடவை வென்றதைக் கொண்டாட. ஒரு தடவை இளவரசனாக, ஒரு தடவை அரசனாக, இன்னொரு தடவை மகன் கீர்த்திவர்மனை அனுப்பி. தங்கை திரைலோக்கியமாதேவியும் அதே அரசனுக்கு வாழ்க்கைப்பட்டவள், பக்கத்திலேயே மல்லிகார்ஜுனர் கோயிலை எழுப்பினாள். காஞ்சியில் அவன் எடுத்துக்கொண்டவற்றைச் செப்பேடு எண்ணிச் சொல்கிறது: கடுமுகம், சமுத்திரகோஷம் என்ற வாத்தியங்கள், கட்வாங்கக் கொடி, யானைகள், மாணிக்கக் குவியல். சாமி சொத்தைத் தொடவில்லை, அரசன் சொத்தை விடவில்லை.

கிழக்கு வாசல் கல்வெட்டுகளில் சிற்பிகளின் பெயர் உண்டு. குண்டன் என்ற அனிவாரிதாசாரிக்குத் திரிபுவனாசாரி என்று பட்டம். இன்னொருவர் சர்வசித்தி ஆசாரி, தென்திசைச் சூத்திரதாரி, அதாவது தலைமைக் கட்டடச் சிற்பி. தென்திசை என்றால் எவ்வளவு தெற்கு? ஊர்ப் பெயர் இல்லை. காஞ்சியிலிருந்து வந்தவராக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆசைக்கு ஆதாரம் கேட்கக்கூடாது. சண்டையில் பிடித்து இழுத்து வந்தார்களா, கூலி பேசிக் கூட்டி வந்தார்களா? பட்டம் கொடுத்துப் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கைதிக்கு அப்படிச் செய்வார்களா என்று வெகுநேரம் மதில் நிழலில் உட்கார்ந்து யோசித்தேன். பின்னால் மலப்பிரபா வடக்கு முகமாக ஓடிக்கொண்டிருந்தது.

இந்தக் கொண்டாட்டம் முடிந்து பத்துப் பதினைந்து வருஷத்தில், 753 வாக்கில், ராஷ்டிரகூடத் தந்திதுர்க்கன் கீர்த்திவர்மனைக் கவிழ்த்தான். பல்லவர்கள் இன்னும் ஒன்றரை நூற்றாண்டு தாக்குப்பிடித்து, ஆதித்த சோழனிடம் போனார்கள்.

ஐந்தாம் நாள்: குளேதகுட்டா, திரும்புதல்

இது என் திட்டத்தில் இல்லை, அப்பாவின் திட்டம். "வந்ததுக்கு ஒரு தறியாவது பார்க்கணும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். பாதாமியிலிருந்து குளேதகுட்டாவுக்குப் பஸ். ரவிக்கைக்கான கணா துணி நெய்கிற ஊர். தெருவில் இறங்கியதுமே காதில் விழுந்தது, தறிச் சத்தம். அப்பா நடையின் வேகமே மாறிவிட்டது.

ஒரு வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். குழித்தறியில் வயதான ஒருவர் இல்கல் புடவை நெய்துகொண்டிருந்தார். இவருக்குக் கன்னடம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. அப்பா தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு இழையைத் தொட்டு, உடல் முடிந்து முந்தி தொடங்கும் இடத்தைக் காட்டி, "பிட்னி?" என்றார். அவர் தலையை ஆட்டி, "தோப் தெனி" என்றார்.

காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், முந்தி வேறு நிறம் என்றால் உடல் பாவும் முந்திப் பாவும் தனித்தனி. அவற்றை இழை இழையாகக் கோத்துச் சேர்ப்பதுதான் பிட்னி. கைக்கு நிதானமில்லாதவன் தொட்டால் அந்த இடத்தில் கிழியும். இல்கலிலும் அப்படியே இரண்டு பாவு, வளையம் வளையமாகக் கோத்துச் சேர்க்கிறார்கள். அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தார். அந்தப் பெரியவர் எழுந்து இடம் விட்டார். மடங்காத முழங்காலோடு எப்படிக் குழிக்குள் இறங்கினார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நாடாவை நாலு தடவை ஓட்டினார். ஐந்தாவதில் பெரியவர் "ஹூம்" என்று சிரித்துக் கையைத் தட்டிவிட்டார். அழுத்தம் கூடிவிட்டதாம்.

முந்தியில் சிவப்பும் வெள்ளையுமாக ஓர் அமைப்பு. இது சீப்பு, இது சோளக்கதிர், இது கோட்டெ என்று பெரியவரின் மருமகள் விரல் வைத்துச் சொன்னாள். கோட்டைக் கொத்தளம். நான் நாலு நாளாக அண்ணாந்து பார்த்த சுவர் அங்கே இரண்டு விரல் அகலத்தில் வரிசையாக ஓடியது.

கணா துணி ஒன்று வாங்கினோம், அம்மாவுக்கு. அடர்ந்த ஊதா, நடுவில் சின்னச் சின்னப் பூ. திரும்பும் ரயிலில் டிக்கெட் உறுதியாகிவிட்டது. இருந்தும் அப்பா தூங்கவில்லை. என் நோட்டில் பென்சிலால் அந்த வளையத்தை வரைந்து வரைந்து அழித்தார். துங்கபத்திரை எப்போது போனது என்று தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே கேட்டாள். "அஞ்சு நாளு போயி என்னத்தக் கொண்டாந்தீங்க?"

"வாதாபி கொண்ட" என்று பல்லவனின் பட்டத்தைத் தனக்குச் சூட்டிக்கொண்டு அப்பா மார்பைத் தட்டினார். அம்மாவுக்குப் புரியவில்லை. கணாவைப் பிரித்து, வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, ஓரத்தை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள்.

"சாயம் போவுமா?"